கோழி தூங்கி வழியுதா? மொட்டை மாடிக் கோழிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினோரு நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் இருக்கின்றன. அதனாலேயே தெருவில் யார் வீட்டுக் கோழி தலையைத் தொங்கப் போட்டாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் டாக்டர் கிடையாது. பத்து வருஷமாக வளர்த்து, கணிசமான கோழிகளைச் சாகக் கொடுத்து, அப்புறம் கற்றுக்கொண்ட ஆள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எழுதி வைக்கிறேன். அடுத்த தடவை யாராவது ராத்திரி பதினொரு மணிக்குக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தால் இதைக் காட்டிவிடலாம்.

கோழிக்குச் சீக்கு வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

கோழி தன் சீக்கை முடிந்தவரை மறைக்கும். சோர்ந்த கோழியை மற்றதெல்லாம் சேர்ந்து கொத்தும் என்பது அதற்குத் தெரியும். அதனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்பதை நீங்கள் பார்க்கிற நாளில், உள்ளே இரண்டு மூன்று நாள் கதை ஓடி முடிந்திருக்கும். காலையில் கூண்டைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். கடைசியாக வெளியே வருவது யார், தீனி போட்டதும் ஓடி வராதது யார், அவ்வளவுதான். வெளுத்த கொண்டை, நீலம் பாய்ந்த கொண்டை, தொங்கும் வால், பகலில் கண்ணை மூடித் தூங்குவது எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

இரண்டு விஷயத்தில் எல்லோரும் ஏமாறுவார்கள். ஒன்று, அடைக்கு உட்கார்ந்த கோழி. சிலிர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் கிடக்கும், சரியாகத் தின்னாது, கிட்டப் போனால் கர்ரென்று சத்தம் போட்டுக் கொத்த வரும். கொத்த வரும் கோழிக்குச் சீக்கு இல்லை. இன்னொன்று, இறகு உதிர்ப்பது. வருஷத்துக்கு ஒரு தடவை இறகைக் கொட்டி, முட்டையையும் நிறுத்திவிட்டு, தெருநாய் மாதிரி அலங்கோலமாக நிற்கும். முளைக்கும் இறகுக்குப் புரதம் வேண்டும், கொஞ்சம் கருவாட்டுத் தூள் போடுங்கள், மருந்து வேண்டாம்.

சரி, சீக்குதான். முதலில் என்ன மருந்து கொடுப்பது?

மருந்து இருக்கட்டும். முதலில் அதைத் தனியாகப் பிரியுங்கள். பழைய அட்டைப்பெட்டி, அடியில் செய்தித்தாள், ஒரு ஓரத்தில் நாற்பது வாட் குண்டு பல்பு, கோழி வேண்டுமானால் பல்புக்குப் பக்கத்தில் போகும், வேண்டாமென்றால் தள்ளி உட்காரும்படி இடம் விட்டு. மே மாசத்தில் பல்பு தேவையில்லை. செய்தித்தாள் எதற்கென்றால் எச்சம் எந்த நிறத்தில் விழுகிறது என்று அதில்தான் தெளிவாகத் தெரியும்.

அப்புறம் கோழியை மடியில் வைத்துத் தடவிப் பாருங்கள். இந்த ஐந்து நிமிஷத்தைச் செலவு செய்யாமல் மெடிக்கலுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மார்பெலும்பு கத்தி முனை மாதிரி விரலில் குத்துகிறதா? அப்படியென்றால் இது இன்றைய சீக்கு இல்லை, வாரக்கணக்கில் உருகியிருக்கிறது, குடற்புழுவோ வேறு நாள்பட்ட கோளாறோ இருக்கும். மார்பு சதைப்பிடிப்பாக இருந்தும் கோழி சுருண்டு கிடந்தால், திடீரென்று வந்த நோய். கழுத்துக்குக் கீழே தீனிப்பையை அமுக்கிப் பாருங்கள், கல்லா, தண்ணிப் பலூனா, காலியா. வாயைத் திறந்து உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இறக்கைக்கு அடியில் பேன், உள்ளங்காலில் கறுப்புப் பொருக்குள்ள ஆணி, பின்பக்கம் எச்சம் ஒட்டிய இறகு எல்லாவற்றையும் பாருங்கள்.

உடம்பு சுடுகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். கோழியின் சாதாரண உடல் சூடே 105 முதல் 107 டிகிரி பாரன்ஹீட். நமக்கு அது ஆஸ்பத்திரி கேஸ், அதற்கு அது தினசரி.

எச்சத்தைப் பார்த்து நோயைச் சொல்ல முடியுமா?

முழுசாக முடியாது, ஆனால் திசை தெரியும். பழுப்பு நிறத்தில் மேலே வெள்ளைத் தொப்பி போட்டமாதிரி இருந்தால் சரியான எச்சம். அந்த வெள்ளைதான் கோழியின் சிறுநீர். எட்டுப் பத்து தடவைக்கு ஒரு தடவை சாக்லேட் கூழ் மாதிரி, குடலைப் பிடுங்கும் நாற்றத்தோடு ஒன்று போடும், அதுவும் சரிதான், பதறாதீர்கள். கரும்பச்சையாகக் கொஞ்சமாகப் போனால் வயிற்றில் தீனி இல்லை, வெறும் பித்தம் இறங்குகிறது என்று அர்த்தம். வெள்ளையும் பச்சையும் கலந்து தண்ணியாகப் பீச்சினால் கீழே வெள்ளைக்கழிச்சல் பற்றி எழுதியதை உடனே படியுங்கள். சிவப்பாக இருந்தால் குஞ்சுகள் பற்றி எழுதியதை.

தின்னவும் இல்லை, குடிக்கவும் இல்லை. வாயில் ஊற்றலாமா?

ஊற்றக் கூடாது! கோழி நாக்குக்குப் பின்னால்தான் மூச்சுக்குழாயின் வாய் திறந்து கிடக்கிறது. வாயைப் பிளந்து டம்ளரில் ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகும், சீக்கில் சாகவேண்டிய கோழி தண்ணியில் சாகும். எங்கள் பக்கம் பாதிக் கோழி இப்படித்தான் போகிறது. இங்க் ஃபில்லரில் எடுத்து அலகின் பக்கவாட்டில் ஒரு சொட்டு விடுங்கள், அது தானாக அலகை அசைத்துத் தலையைத் தூக்கி விழுங்கும், அப்புறம் அடுத்த சொட்டு. பத்து நிமிஷம் ஆகும், ஆகட்டும். மெடிக்கலில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில் கரைத்துக் கொடுக்கலாம், வெல்லத் தண்ணியும் சரி. நல்ல கோழி ஒரு நாளைக்குக் கால் லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் அதைவிட அதிகம். அதில் பாதியாவது உள்ளே போகவேண்டும். தின்ன ஆரம்பித்ததும் அவித்த முட்டையை உதிர்த்தும், குழைய வேகவைத்த நொய்யையும் வையுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் காப்பாற்ற முடியுமா?

நேராகச் சொல்கிறேன், இதற்கு மருந்து இல்லை. இது ராணிகேட் வைரஸ். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்ட நோய், அடுத்த ஓரிரண்டு வருஷத்தில் நம் நாட்டு ராணிகேத் மலை ஊரில் தென்பட்டதால் இங்கே அந்தப் பெயர். வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, இறக்கை தொங்குவது, பிழைத்த ஒன்றிரண்டுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்ப்பது. ஊசி போடாத கூட்டத்தில் நுழைந்தால் ஒரு வாரத்தில் கூண்டு காலி. என் முதல் கூட்டம் ஒன்பது கோழி, ஒரு மார்ச் மாசத்தில் திங்கட்கிழமை ஒன்று தூங்கியது, வெள்ளிக்கிழமை இரண்டுதான் மிச்சம். மூலக்கொத்தளம் பக்கம் ஒருவரிடம் சண்டைச்சேவல் வாங்கி வந்து அன்றைக்கே கூட்டத்தில் விட்டது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. புதுக்கோழி வந்தால் இரண்டு மூன்று வாரம் தனியாக வைக்கவேண்டும்.

சின்னச் சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்து உருண்டை பிடித்துக் கொடுப்பது நம் ஆட்களின் கைமருந்து. நானும் கொடுப்பேன், தின்ன வைக்க உதவுகிறது. ஆனால் வைரஸை அது விரட்டிவிடும் என்று நம்பி ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

தடுப்பு மட்டும்தான் வழி. குஞ்சு பொரித்து ஏழாம் நாள் வாக்கில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. கால்நடைத் துறை வருஷா வருஷம் பிப்ரவரியில் இதற்கென்றே இரண்டு வார முகாம் நடத்துகிறது, வெயில் ஏறுவதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்பது கணக்கு. கடையில் வாங்கினால் ஒரு புட்டி நூறு கோழிக்கு வரும், உங்களிடம் இருப்பது ஆறு, கலக்கிய பிறகு ஓரிரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் முடியாது. அதனால் நாங்கள் தெருவில் ஐந்தாறு வீடாகச் சேர்ந்துதான் வாங்குவோம். பிளாஸ்கில் ஐஸ் போட்டுக் கொண்டு வாருங்கள், சட்டைப்பையில் வைத்து வெயிலில் நடந்து வந்த மருந்து வெறும் தண்ணி. ஏற்கெனவே தூங்கும் கோழிக்கு ஊசி போடாதீர்கள்.

கழுத்து துணி மாதிரித் துவண்டு கிடக்கிறது. இதுவும் அதுதானா?

முறுக்கிக்கொண்டால் ராணிகேட் சந்தேகம், துவண்டால் வேறு. காசிமேட்டில் என் நண்பன் வீட்டில் நான்கு கோழி ஒரே நாளில் கால் மடிந்து, பிறகு இறக்கை, பிறகு கழுத்து என்று வரிசையாகத் துவண்டு, கடைசியில் தலையைத் தரையில் வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டு கிடந்தன. கழிச்சலும் இல்லை, தும்மலும் இல்லை. பிடித்துத் தூக்கினால் இறகு கையோடு வந்தது. என்ன தின்றது என்று தேடிப் போனால், வீட்டுக்குப் பின்னால் மூன்று நாள் பழைய மீன் குடல், அதில் நெளியும் புழு. செத்து அழுகிய சதையில் வளரும் போட்டுலிசம் கிருமியின் நஞ்சு அது, புழுவின் உடம்பிலும் சேரும். புழு கோழிக்கு நல்லதுதானே என்று விட்டிருந்தார்கள்.

லேசாகப் பாதித்தது என்றால் நிழலில் வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மேலே எழுதியபடி சொட்டுச் சொட்டாகத் தண்ணி கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் எழும். அங்கே இரண்டு எழுந்தது. விழுங்க முடியாத கோழிக்கு வீட்டில் எதையும் புகட்டாதீர்கள், டாக்டர் குழாய் வைத்துத்தான் கொடுக்கவேண்டும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று மீன் கழிவு எளிதாகக் கிடைக்கிற இடத்தில் இருப்பவர்கள் அன்றைய கழிவை வேகவைத்துப் போடுங்கள், மிச்சத்தை உடனே அள்ளுங்கள்.

கொண்டையில், கண்ணோரம் மரு மாதிரிக் கொப்புளம்?

அம்மை. கோழிக்கு வரும் அம்மை வேறு, நமக்கு வருவது வேறு, குழந்தைகளுக்கு ஒட்டாது. கொசுதான் பெரும்பாலும் பரப்புகிறது, அதனால் கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் ஓரம் குடியிருக்கும் நமக்கு ஐப்பசி கார்த்திகை வந்தால் இது நிச்சயம். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அதில்தான் கிருமி மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள், இல்லாவிட்டால் மெடிக்கலில் கிடைக்கும் அயோடின் மருந்து, கண்ணுக்குள் போகாமல். மூன்று நான்கு வாரத்தில் உதிர்ந்துவிடும். கண் மூடிக்கொண்டால் தீனி தெரியாமல் பட்டினியில் சாகும், நோயில் இல்லை. தினம் கண்ணை வெதுவெதுப்பான தண்ணியில் துடைத்துவிட்டு, அலகுக்கு நேரே தீனியைப் பிடியுங்கள். வாய்க்குள்ளும் தொண்டையிலும் வெள்ளையாகக் கட்டியிருந்தால் அது மோசமான வகை, டாக்டரிடம் போங்கள். கூண்டுக்குக் கொசுவலை கட்ட ஆகும் செலவு ஒரு கோழி விலைகூட இல்லை.

முட்டை மாட்டிக்கொண்டது மாதிரி முக்குகிறது. என்ன செய்ய?

எங்கள் கருப்பி விடைக்கோழியாக இருந்தபோது, இரண்டாவது முட்டைக்கே இப்படி ஆனது. காலையிலிருந்து கூடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள், மத்தியானம் நெட்டுக்குத்தாக நின்றுகொண்டு வாலை மேலும் கீழும் ஆட்டினாள், எச்சம் போடவில்லை. விரலால் வயிற்றின் பின்பக்கம் மெதுவாகத் தொட்டால் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது.

குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் வாளியில் தண்ணி எடுத்து, வயிறு மூழ்கும்படி பதினைந்து இருபது நிமிஷம் உட்கார வையுங்கள். முதலில் திமிறும், அப்புறம் சூட்டுக்குச் சொக்கிக் கண்ணை மூடும். துடைத்து, ஆசனவாயில் துளி தேங்காயெண்ணெய் தடவி, இருட்டான கதகதப்பான இடத்தில் விட்டுவிடுங்கள். நீங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் போடாது. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை செய்யலாம். அமுக்கிப் பிதுக்காதீர்கள், உள்ளே உடைந்தால் ஓடு கிழித்துச் சீழ் பிடித்துவிடும். கருப்பி விடியற்காலை போட்டாள், ஓடே இல்லாத தோல்முட்டை. ஒரு நாள் தாண்டினால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

காரணம் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. வெறும் அரிசியும் சோறும் தின்னும் கோழிக்கு ஓடு எங்கிருந்து வரும்? கிளிஞ்சல் பொடி தனிக் கிண்ணத்தில் வையுங்கள். காசிமேட்டில் கணவாய் சுத்தம் செய்கிற அக்காவிடம் கேட்டால் கணவாய் ஓடு ஒரு பை நிறையக் கொடுப்பார், கழுவிக் காயவைத்துக் கூண்டில் செருகிவிட்டால் தானாகக் கொத்தும்.

கலர் குஞ்சு வாங்கினோம், ரத்தமாகப் போகிறது.

சைக்கிளில் பச்சையும் ரோஸும் பூசி விற்கிறார்களே, அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகள் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். பாதி குளிரிலேயே போகும், அதற்குச் சாயத்தைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம், முதல் வாரம் பல்புச் சூடு வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் தப்பித்த குஞ்சு இறக்கையைத் தொங்கப் போட்டு, ரத்தக் கழிச்சல் போனால் அது காக்சிடியா. ஈரத் தரையில் வளரும் ஒட்டுண்ணி. இது ஒன்றுக்குச் சரியான மருந்து இருக்கிறது, ஆம்ப்ரோலியம், கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும், பாக்கெட்டில் உள்ள அளவில் தண்ணியில் கலந்து எல்லாக் குஞ்சுக்கும் சேர்த்தே கொடுக்கவேண்டும். அன்றைக்கே தொடங்கினால் பிழைக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பிழைக்காது. அடியில் போட்ட மரத்தூளைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை பிடிக்கக் கூடாது, அந்த அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும்.

தும்மல், மூக்கு ஒழுகல், முகம் வீக்கம்?

முகம் ஒரு பக்கம் உப்பி, கிட்டப் போனாலே அழுகல் நாற்றம் அடித்தால் கொரைசா. பாக்டீரியாதான், டாக்டர் எழுதும் மருந்தில் கேட்கும், ஆனால் தேறிய கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும்.

தீனிப்பை கல் மாதிரி இருக்கிறது.

ராத்திரி நிறைந்திருப்பது சகஜம். காலையில் தீனி போடுவதற்கு முன் தொட்டாலும் கெட்டியாக இருந்தால் அடைப்பு. எங்கள் பக்கம் காரணம் பெரும்பாலும் நூல், கேரி பேக் துண்டு, சணல். தீனியை நிறுத்தி, சில சொட்டு நல்லெண்ணெய் விட்டு, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை விரலால் மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். இரண்டு நாளில் இறங்காவிட்டால் டாக்டர் கீறித்தான் எடுக்கவேண்டும். தண்ணிப் பலூன் மாதிரி இருந்து வாய் புளித்த மாவு வாடை அடித்தால் தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்காதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

செள்ளு?

பகலில் தெரியாது. ராத்திரி டார்ச் அடித்துக் கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கம் பாருங்கள், சிவப்பாக ஊர்ந்தால் அதுதான் ரத்தத்தைக் குடித்துக் கொண்டையை வெளுக்க வைக்கிறது. கோழியைவிடக் கூண்டுக்கு வைத்தியம் முக்கியம்: எல்லாவற்றையும் கழற்றிக் கொதிக்கிற தண்ணி ஊற்றி வெயிலில் போட்டு, இடுக்குகளில் வேப்பெண்ணெய் பூசுங்கள். சாம்பலும் மணலும் கலந்து ஒரு டப்பில் வைத்தால் கோழி தானே புரண்டு பேனைப் பார்த்துக்கொள்ளும்.

அக்னி நட்சத்திரத்தில் வாயைப் பிளந்து நிற்கிறது.

மாடியில் தகரக் கொட்டகை என்றால் மத்தியானம் அது அடுப்பு. கூரைமேல் தென்னங்கீற்றோ ஈரச் சாக்கோ போடுங்கள். துவண்ட கோழியின் காலைக் குளிர்ந்த தண்ணியில் நனையுங்கள், ஐஸ் தண்ணியில் முக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ்., தர்பூசணி.

மெடிக்கலில் மனுஷன் மாத்திரையை அரைத்துக் கொடுக்கச் சொன்னார்களே?

எங்கள் தெருவில் எந்தச் சீக்குக்கும் அரை மாத்திரை டெட்ராசைக்ளின்தான். ராணிகேட்டும் அம்மையும் வைரஸ், அதில் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. நீங்கள் கொடுத்த மருந்து முட்டையில் வரும், அந்த முட்டையை உங்கள் பிள்ளை தின்னும். எத்தனை நாள் முட்டையைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று மத்திய அரசு 2019இல் தடையே போட்டுவிட்டது, பழைய டப்பா யார் வீட்டிலாவது இருந்தால் வாங்காதீர்கள்.

சாவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்துவிடலாமா?

எல்லோர் மனசிலும் இருக்கும் கேள்வி, என் பாட்டியும் செய்திருக்கிறார். வேண்டாம். கால் உடைந்தது, முட்டை மாட்டியது என்றால் வேறு கதை. என்ன நோய் என்று தெரியாத கோழியை அறுக்கும்போதுதான் ஆபத்து அதிகம், ரத்தமும் இறகும் குடலும் உங்கள் கையிலும் மூச்சிலும் படும். காரணமே தெரியாமல் ஒன்றிரண்டு நாளில் பல கோழி சட்டென்று செத்து, கொண்டை நீலமாகி, முகம் வீங்கியிருந்தால் பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், வெறும் கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். செத்ததைக் கால்வாயில் வீசாதீர்கள், காக்கா தூக்கிக்கொண்டு போய் அடுத்த மாடியில் போடும். மண் இருந்தால் ஆழமாகக் குழி, சுண்ணாம்பு.

எங்கே கொண்டு போவது?

வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903இல் தொடங்கியது, அங்குள்ள மருத்துவமனையில் கோழியையும் பார்ப்பார்கள். நாய், பூனையோடு வரிசையில் ஒரு கோழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முதல் தடவை எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் ஆட்டுக்குட்டியை வைத்திருந்தார், "இதுக்கு என்னப்பா" என்று கேட்டுவிட்டு என் கோழியின் கொண்டையைத் தடவிக் கொடுத்தார், வெட்கம் போய்விட்டது.

காலையிலேயே போங்கள். பெட்டிக்குப் பக்கவாட்டில் ஓட்டை போடுங்கள், மூடிக்குத் துணி போதும், இருட்டாக இருந்தால் கோழி அடங்கிக் கிடக்கும். அன்றைக்குப் போட்ட எச்சத்தைச் சின்னக் கவரில் எடுத்துப் போங்கள், என்ன தின்றது, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது ஊசி போட்டது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போகிற வழியில் செத்துவிட்டால் திரும்பி வராதீர்கள், அப்படியே கொண்டு போய்ப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள், மிச்சக் கோழிகளுக்கு அதில்தான் விடை இருக்கிறது. ராத்திரி செத்தால் கவரில் கட்டி ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்துவிட்டால் உள்ளே பார்ப்பது கஷ்டம். அந்த ஐஸ் பெட்டியில் அப்புறம் குடிக்கிற தண்ணி வைக்காதீர்கள், எங்கள் வீட்டில் இன்னும் அதற்குச் சண்டை நடக்கிறது.